மிளகாய் விதையில் காமா கதிர் பட்டால் என்ன ஆகும்?

மாணவர்களே, அண்மையில் படிவம் 5 வகுப்பில் சடுதிமாற்றம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலில் நீங்கள் ‘மூத்தாசி’ என்று படிக்கிறீர்களே, அதேதான். உதாரணம் ஒன்று வேண்டுமே என்று, தமிழ்நாட்டில் மதுரையில் காமா கதிர் பாய்ச்சி ஒரு மிளகாய் ரகத்தை உருவாக்கினார்கள் என்று சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. பாதியில் விட்ட பாடம் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி முதலில் எழுந்தாள். “டீச்சர், எங்க பாட்டிகிட்ட சொன்னேன். அந்த மிளகாய சாப்பிட்டா நம்ம உடம்புலயும் கதிர் ஏறிடுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அந்த மாதிரி விதை யாராவது குடுத்தா வாங்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க.”

பின்வரிசையில் இருந்த மாணவனுக்கு வேறு கவலை. “கதிர் பட்டா குரோமோசோம் ரெண்டு மடங்காயிடும்னு படிச்சேன் டீச்சர். அப்படின்னா மிளகாய் வாழைக்காய் சைஸுக்கு வருமா?”

வகுப்பே சிரித்தது. ஆனால் இரண்டுமே நல்ல கேள்விகள். பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. மாணவனின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் சுற்றிவர வேண்டும். இரண்டுக்கும் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘பெப்பர்’ என்றால் மிளகும் உண்டு, மிளகாயும் உண்டு. மலாயில் ‘லாடா’ என்பதும் அப்படித்தான். செடிகளாகப் பார்த்தால் இரண்டுக்கும் உறவே இல்லை. மிளகு, வெற்றிலைக் குடும்பத்துக் கொடி. மிளகாய், கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி; அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். மலாக்காவின் பழைய துறைமுகத்தில் செட்டிகளும் குஜராத்திகளும் வணிகம் செய்த காலத்தில், இங்கே யாரும் மிளகாயைக் கண்ணால் பார்த்ததில்லை. உணவில் காரம் என்றால் மிளகும் இஞ்சியும்தான். போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் மிளகாய் ஆசியாவில் பரவியது. மிளகைப் போல உறைத்த காய்க்கு நம் முன்னோர் மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். சம்பல் இல்லாத மலாக்காவை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? என்னால் முடியவில்லை.

24 புத்தகங்கள்

மிளகாய்ச் செடியின் ஒவ்வொரு செல்லிலும் 24 குரோமோசோம்கள் உண்டு. இவை 24 வெவ்வேறு குரோமோசோம்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 12 வகைதான், ஒவ்வொரு வகையிலும் இரண்டு. 12 பாகங்கள் கொண்ட சமையல் குறிப்புப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் தந்த செடியிடமிருந்து ஒரு முழு செட், விதையைச் சுமந்த செடியிடமிருந்து இன்னொரு முழு செட். இப்படி இரண்டு செட் உள்ள உயிரை இருமடியம் என்போம். நாமும் இருமடியம்தான். நமக்கு 23 பாகங்கள், இரண்டு செட், மொத்தம் 46.

இந்தப் புத்தகங்களில் மாற்றம் இரண்டு விதமாக நேரலாம். ஒன்று, ஏதோ ஒரு பாகத்தில் ஒரு பக்கம் கிழிவது, ஓர் எழுத்து மாறுவது, நான்கு வரி காணாமல் போவது. இதுதான் மரபணுச் சடுதிமாற்றம். மற்றொன்று, எந்த எழுத்தும் மாறாமல் முழு செட்டே கூடுதலாக வந்து சேர்வது. மூன்று செட் இருந்தால் மும்மடியம், நான்கு இருந்தால் நான்மடியம். பொதுவாகப் பன்மடியம் என்கிறோம். ‘பாலிப்ளாய்டி’ என்று நீங்கள் படிப்பது இதைத்தான். மும்மடிய மிளகாயில் 36 குரோமோசோம்களும் நான்மடிய மிளகாயில் 48 குரோமோசோம்களும் இருக்கும்.

காமா கதிர் பெரும்பாலும் செய்வது முதல் வகை மாற்றத்தை. மாணவன் கேட்டதோ இரண்டாம் வகையைப் பற்றி. அவன் குழம்பியது இந்த இடத்தில்தான். நானும் பயிற்சிக் கல்லூரியில் இதே இடத்தில் குழம்பியிருக்கிறேன்.

கதிர் விதைக்குள் என்ன செய்கிறது?

விதைக்குக் கதிர் பாய்ச்சப் பெரும்பாலும் கோபால்ட்-60 பயன்படுகிறது. தடித்த ஈயக் கவசத்துக்குள் இருக்கும் அதிலிருந்து காமா கதிர்கள் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். விதைகளைச் சிறு பொட்டலமாகக் கட்டி உள்ளே அனுப்பி, கணக்கிட்ட நேரம் வைத்திருந்து வெளியே எடுப்பார்கள். விதை ஏற்றுக்கொண்ட ஆற்றலைக் ‘கிரே’ என்ற அலகால் அளப்பார்கள். ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது ஒரு கிரே.

மிளகாய் விதைக்கு 300 கிரே கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். பெரிய எண்ணாகத் தெரிகிறது, இல்லையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். 300 ஜூலால் அது 0.07 டிகிரிதான் உயரும். தொட்டால்கூடத் தெரியாது. ஆனால் மனிதரின் முழு உடலும் ஒரே நேரத்தில் 4 அல்லது 5 கிரே பெற்றால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். ஆக, பாதிப்பு சூட்டினால் வருவதில்லை. காமா கதிர் போகும் வழியில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிடுகிறது. அதனால் டி.என்.ஏ. இழை சில இடங்களில் நேரடியாக அறுகிறது. பக்கத்தில் உள்ள நீர் மூலக்கூறுகளும் உடைந்து, வேகமாக வினைபுரியும் துணுக்குகளாகி டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. காய்ந்த விதையில் நீர் மிகக் குறைவு. செல்களும் உறக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் நம்மால் தாங்க முடியாததை அது தாங்குகிறது.

அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டவைக்கும் ஏற்பாடு செல்லுக்குள்ளேயே உண்டு. பெரும்பாலும் சரியாக ஒட்டிவிடும். சில இடங்களில் ஓர் எழுத்து தவறும். ஒரு துண்டு தொலையும். ஒரு துண்டு தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். இப்படித் தவறாக ஒட்டியதுதான் சடுதிமாற்றம்.

எந்த எழுத்து மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காமா கதிருக்குக் கண் கிடையாது. பெரும்பாலான மாற்றங்கள் செடிக்குக் கேடுதான். வெளுத்த நாற்று, குட்டையாகி நின்றுவிட்ட நாற்று, பூக்காத செடி இவைதான் அதிகம் வரும். அளவு மிகுந்தால் முளைக்கவே முளைக்காது. குறைந்தால் மாற்றமே இருக்காது. எனவே முதலில் பல அளவுகளில் சோதித்து, ஏறத்தாழப் பாதி விதைகள் பிழைக்கும் அளவு எது என்று பார்த்து, அதை ஒட்டி வேலையைத் தொடங்குவார்கள்.

இதைக் கண்டுபிடித்து ஏறத்தாழ நூறு வருடம்தான் ஆகிறது. எக்ஸ் கதிர் சடுதிமாற்றத்தை உண்டாக்கும் என்பதை ஹெர்மன் முல்லர் 1927இல் பழ ஈயில் காட்டினார். அதற்காக 1946இல் நோபல் பரிசு பெற்றார். லூயிஸ் ஸ்டாட்லர் 1928இல் பார்லிச் செடியில் அதையே காட்டினார். ஸ்டாட்லரை மறந்துவிடாதீர்கள், அவரிடம் மீண்டும் வருவோம்.

மதுரை மிளகாய்

தமிழ்நாட்டில் கே-1 என்று ஒரு மிளகாய் ரகம் இருந்தது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து ரகம். பெயரில் உள்ள ‘கே’ அந்த ஊரைக் குறிக்கிறது. மதுரை வேளாண்மைக் கல்லூரியில் அதற்குக் காமா கதிர் பாய்ச்சி, அதிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் எம்.டி.யு.-1. 1976இல் விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. செடி அடக்கமாக நிற்கும். காய்கள் தனித்தனியாகத் தொங்காமல் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

“தேர்ந்தெடுத்தது” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். உண்மையான உழைப்பு அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. கதிர் பட்ட விதையை விதைத்து முதல் தலைமுறையைப் பார்த்தால் பயனுள்ள மாற்றம் அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஏன்?

மாறிய மரபணுக்களில் பெரும்பாலானவை ஒடுங்கு மரபணுக்கள், நீங்கள் ‘ரெசெசிஃப்’ என்று படிப்பவை. மிளகாயில் காய்களைக் கொத்தாக்கும் ஒடுங்கு மரபணு ஒன்று அறியப்பட்டிருக்கிறது. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். செடியில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன அல்லவா? ஒன்று கதிர் பட்டு மாறினாலும் மற்றது பழைய வேலையைச் செய்துகொண்டே இருக்கும். செடி சாதாரணமாகத்தான் தெரியும். அந்தச் செடியின் பூவைச் சிறு பையால் மூடி, தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவராமல் தடுத்து, தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்க வைக்க வேண்டும். அந்த விதைகளை விதைத்தால் நான்கில் ஒரு செடிக்கு இரண்டு பிரதிகளும் மாறியவையாக அமையும். அப்போதுதான் கொத்துக் காய் வெளியே தெரியும். மெண்டலின் பட்டாணிக் கணக்குத்தான், 3க்கு 1.

இன்னொரு சிக்கலும் உண்டு. விதைக்குள் இருக்கும் கருவில் பல செல்கள் உள்ளன. ஒரு செல்லில் நேர்ந்த மாற்றம் பக்கத்துச் செல்லில் இருக்காது. ஆகவே முதல் தலைமுறைச் செடியில் ஒரு கிளை மாறியதாகவும் அடுத்த கிளை மாறாததாகவும் இருக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான செடிகளை வரிசையாக நட்டு, இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்த பிறகும் வேலை முடியாது. அதன் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அதே குணத்தோடு வருகின்றனவா, விளைச்சல் எவ்வளவு, காரம் எப்படி என்று பல பருவங்கள் சோதிப்பார்கள்.

இப்போது பாட்டிக்குப் பதில் சொல்லிவிடலாம். காமா கதிர் ஒளியைப் போன்றது. டார்ச் விளக்கைச் சுவரில் அடித்து அணைத்துவிட்டால், சுவர் தானாக ஒளிவீசுவதில்லை. மருத்துவமனையில் காலுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வீடு திரும்பும்போது உங்கள் கால் கதிர் வீசுவதில்லை. கோபால்ட்-60 வெளிவிடும் காமா கதிர், விதையில் உள்ள அணுக்களின் எலக்ட்ரான்களைத்தான் பிடுங்குகிறது. அணுக்கருவை மாற்றிக் கதிரியக்கமுள்ளதாக்க அதற்கு ஆற்றல் போதாது. கதிரியக்கப் பொருள் விதைமேல் ஒட்டுவதும் இல்லை. அது மூடிய உலோகக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. மேலும், கதிர் பட்டது முதல் விதைக்கு மட்டும்தான். அதன் பிறகு வந்த எந்தத் தலைமுறையும் கதிரைப் பார்த்ததே இல்லை.

பாட்டியின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். செர்னோபில், ஃபுகுஷிமா என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கதிர் என்ற சொல்லே அச்சம் தரும். அங்கெல்லாம் நடந்தது வேறு: கதிரியக்கப் பொருளே காற்றிலும் மண்ணிலும் கலந்து, செடி அதை உறிஞ்சியது. வெளியிலிருந்து கதிர் படுவதும், கதிர்விடும் பொருளே உள்ளே போவதும் ஒன்றாகாது. மாணவி இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். பாட்டி சற்று யோசித்துவிட்டு, “சரி, அந்தக் கொத்து மிளகாய் உறைக்குமா?” என்று கேட்டாராம்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. மலாக்காவிலிருந்து நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போகும்போது பாங்கியைக் கடப்பீர்கள். அங்கேதான் ‘அகென்சி நுக்ளியார் மலேசியா’ இருக்கிறது. எம்.ஆர்.219 நெல்லுக்குக் கதிர் பாய்ச்சி, என்.எம்.ஆர்.152 என்ற நெல்லை அங்கிருந்து கொண்டுவந்தார்கள். அவர்களிடம் ‘காமா கிரீன்ஹவுஸ்’ என்ற வட்ட வடிவப் பசுமைக்குடிலும் உண்டு. நடுவில் சீசியம்-137; அதைச் சுற்றி வட்டம் வட்டமாகச் செடிகள். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் அளவு நான்கில் ஒன்றாகும் என்ற இயற்பியல் விதி தெரியும்தானே? அதனால் எந்த வட்டத்தில் செடியை வைக்கிறோம் என்பதைக் கொண்டே அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். விதைக்குச் சில நிமிடங்களில் கொடுப்பதற்குப் பதிலாக, வளரும் செடிக்குப் பல நாள் சிறுகச் சிறுகக் கொடுக்கும் முறை இது.

செட் எப்படிக் கூடுகிறது?

இனி மாணவனின் கேள்வி. ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் எல்லாக் குரோமோசோம்களையும் பிரதி எடுத்துக்கொள்கிறது. 24 என்பது 48 ஆகிறது. பிறகு மெல்லிய இழைகள் அவற்றை இரு பக்கமும் இழுத்து, பக்கத்துக்கு 24 என்று பிரிக்கின்றன. நடுவில் சுவர் எழும்புகிறது. இரண்டு செல்கள் கிடைக்கின்றன.

அந்த இழைகள் மட்டும் வேலை செய்யாமல் போனால்? பிரதி எடுத்தாயிற்று, பிரிக்க முடியவில்லை. 48உம் ஒரே செல்லில் தங்கிவிடும். நான்மடியச் செல் தயார்.

இழைகளைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு, பெயர் கோல்ச்சிசின். ஆல்பர்ட் பிளேக்ஸ்லீயும் அவருடன் பணியாற்றியவரும் 1937இல் அதை ஊமத்தைச் செடியில் பயன்படுத்திக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். ஊமத்தையும் மிளகாயும் ஒரே குடும்பம். கோல்ச்சிசின் எதில் இருக்கிறது தெரியுமா? நம் செங்காந்தளில். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களின் வரிசையில் முதலாவதாக வரும் பூ. தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கோல்ச்சிசினுக்காகவே தமிழ்நாட்டு விவசாயிகள் அதைப் பயிரிடுகிறார்கள். மூட்டுவாத நோய்க்கும் அது மருந்து. ஆனால் அளவு மீறினால் கொடிய நஞ்சு. செங்காந்தள் கிழங்கைச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. அறிவியல் கண்காட்சிக்கு இதை வைத்துப் பரிசோதனை செய்யலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கதிர்வீச்சால் இரட்டிப்பு நடக்காதா? எப்போதாவது நடக்கும். கதிர் பட்ட செல் பிரிய முயன்று பாதியில் நின்றுவிட்டால், இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடும். ஆனால் அந்தச் செல்லின் புத்தகங்கள் பல இடங்களில் கிழிந்தும் இருக்கும். பக்கத்தில் உள்ள நல்ல செல்கள் வேகமாகப் பெருகி அதை ஓரங்கட்டிவிடும். ஆக, நீ படித்தது முழுத் தவறில்லை தம்பி. ஆனால் அதை நம்பி யாரும் கதிர் பாய்ச்சுவதில்லை. இரட்டிப்பு வேண்டுமென்றால் கோல்ச்சிசின் போன்றவற்றையே நாடுகிறார்கள்.

சரி, எப்படியோ 48 குரோமோசோம் உள்ள மிளகாய் கிடைத்துவிட்டது. வாழைக்காய் அளவு வருமா? வராது. செல்கள் பெரிதாகும், உண்மை. இலை தடிக்கும், மகரந்தத் தூள் பெரிதாகும். ஆனால் செல் பெரிதானால் காயும் அதே அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்பதில்லை. பெரிய செங்கல்லைக் குறைவாக அடுக்கினால் வீடு பெரிதாகிவிடுமா?

அதைவிடப் பெரிய தொல்லை விதையில் இருக்கிறது. மகரந்தமும் சூல் செல்லும் உருவாகும்போது ஒரே வகைக் குரோமோசோம்கள் இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். ஒரே வகையில் நான்கு இருந்தால் எது எதோடு சேரும்? சில இடங்களில் நான்கும் பின்னிக்கொள்ளும். ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் ஒன்றுமாகப் பிரியும். அப்படி உருவான மகரந்தம் பலவும் பயன்படாது. விதை குறையும். மிளகாயை நாம் விதை போட்டுத்தான் வளர்க்கிறோம். விதை குறைந்த மிளகாயை வைத்து விவசாயி என்ன செய்வார்?

இங்கேதான் ஸ்டாட்லர் திரும்ப வருகிறார். அவர் 14, 28, 42 குரோமோசோம்கள் கொண்ட கோதுமை வகைகளுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்த்து 1929இல் முடிவை வெளியிட்டார். 14 உள்ளதில் நாற்றுகளிடையே மாற்றங்கள் தாராளமாகத் தெரிந்தன. 28 உள்ளதில் மிகக் குறைவு. 42 உள்ளதில் அநேகமாக எதுவும் தெரியவில்லை. கதிர் எல்லாவற்றையும்தான் தாக்கியது. செட்டுகள் அதிகமாக இருந்ததால் ஒன்று கிழிந்தாலும் மற்றவை மூடி மறைத்துவிட்டன.

மிளகாயில் கணக்கிட்டுப் பாருங்கள். இருமடியச் செடியில் மாறிய பிரதி ஒன்று, நல்ல பிரதி ஒன்று. அடுத்த தலைமுறையில் நான்கில் ஒரு செடி மாற்றத்தைக் காட்டும். நான்மடியச் செடியில் மாறியது ஒன்று, நல்லது மூன்று. அதன் மகரந்தத்தில் ஒவ்வொரு வகையிலும் இரண்டு பிரதிகள் போகும். அவற்றில் ஒன்றாவது நல்லதாக இருக்கும். சூல் செல்லிலும் அப்படியே. எனவே அடுத்த தலைமுறையில் நான்கு பிரதிகளும் மாறிய செடி ஒன்றுகூட வராது! அந்தத் தலைமுறையில் இரண்டு நல்லது, இரண்டு மாறியது என அமைந்த செடியைப் பிடித்து மீண்டும் விதை எடுத்தால், அதன் பின் வருபவற்றில் 36க்கு ஒன்றுதான் மாற்றத்தைக் காட்டும். மாறிய இரண்டும் ஒரே மகரந்தத்துக்குள் போக வாய்ப்பு ஆறில் ஒன்று. சூல் செல்லுக்கும் ஆறில் ஒன்று. பெருக்கினால் 36இல் ஒன்று. மதுரையில் 48 குரோமோசோம் மிளகாயை வைத்துத் தொடங்கியிருந்தால் கொத்துக் காயைத் தேடி எத்தனை வயல்களில் குனிந்திருக்க வேண்டும்!

யாருக்கு லாபம்?

அப்படியானால் பன்மடியம் வீண்தானா? விதையால் பெருகும் மிளகாய்க்கு அது சுமை. விதை தேவைப்படாத செடிக்கு அதுவே வரம்.

பாசார் மாலத்தில் வாங்கும் பிசாங் பெராங்கானில் விதை இல்லை. அதில் 33 குரோமோசோம்கள். 11 வகை, மூன்று செட். மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாததால் விதை பிடிப்பதில்லை. நாம் கன்று எடுத்து நடுகிறோம், பிரச்சினை இல்லை. விதையில்லாத தர்பூசணியும் 33தான். 22 குரோமோசோம் தர்பூசணியைக் கோல்ச்சிசினால் 44 ஆக்கி, அதை மீண்டும் 22உடன் கலந்தால் 33 வரும்.

மிளகுக்கும் இதே கதை. மிளகில் வழக்கமாக 52 குரோமோசோம்கள். கேரளத்தில் ‘வடக்கன்’ என்ற மிளகுக் கொடியில் 78 இருப்பதைக் கண்டார்கள். யாரும் மருந்து போடாமல், இயற்கையே செய்த மும்மடியம். மிளகை நாம் கொடியை வெட்டித்தான் நடுகிறோம், விதை போட்டு அல்ல. அதனால் அந்த மாற்றம் அப்படியே நிலைத்து நிற்கிறது.

விதையில்லாத வாழைக்கு ஒரு குறை உண்டு: இரண்டு நல்ல ரகங்களைக் கலந்து புதிய ரகம் எடுப்பது மிகக் கடினம். அங்கே மறுபடியும் காமா கதிர் உதவிக்கு வருகிறது. ‘கிராண்ட் நெயின்’ என்ற கேவண்டிஷ் வாழையின் குருத்து நுனிகளுக்குக் கதிர் பாய்ச்சி, திசு வளர்ப்பில் பெருக்கி, சீக்கிரம் பூக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டோர்ஃப் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, மலேசிய மண்ணில் நட்டுச் சோதித்து, 1990களில் இங்கே ‘நொவாரியா’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். மூன்று செட் இருந்தும் மாற்றம் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். எல்லாச் சடுதிமாற்றமும் ஒடுங்கியே இருப்பதில்லை. மூன்று பிரதிகளும் ஏற்கெனவே ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

நீங்களே எண்ணிப் பாருங்கள்

ஒரு செடி இரட்டிப்பானதா என்று ஆராய்ச்சியாளர்கள் முதலில் பார்ப்பது இலைத்துளைகளை. செல் பெரிதாவதால் துளையும் பெரிதாகும். அதே இடத்தில் எண்ணிக்கை குறையும். பிறகுதான் வேர் நுனியில் குரோமோசோம்களை எண்ணி உறுதி செய்வார்கள். முதல் வேலையை நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யலாம்.

பிசாங் மாஸ் இலை ஒன்று, பிசாங் பெராங்கான் இலை ஒன்று வெட்டி வாருங்கள். முதலாவதில் இரண்டு செட், 22 குரோமோசோம். இரண்டாவதில் மூன்று செட். இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாகப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் கண்ணாடி போன்ற ஒட்டு நாடாவை அழுத்தி உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். உதடு போன்ற ஜோடிச் செல்கள் தெரியும். ஒவ்வொரு இலையிலும் ஐந்து இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இலையின் வயது, வெயில், ரகம் இவையும் எண்ணிக்கையை மாற்றும். இரண்டு மரங்களிலும் உச்சியிலிருந்து மூன்றாவது இலையின் நடுப்பகுதியையே எடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெயிலில் நிற்கட்டும். அப்படியும் எதிர்பார்த்த வேறுபாடு வராவிட்டால் எண்ணை மாற்றி எழுதாதீர்கள். வந்ததையே எழுதி, இன்னும் இரண்டு மரங்களில் எண்ணிப் பாருங்கள். என் வகுப்பில் முதல் முறை வேறுபாடு சரியாக வரவில்லை. ஒரு குழு கன்றின் இலையையும் மற்றொரு குழு குலை தள்ளிய மரத்தின் இலையையும் கொண்டுவந்திருந்தது.